அம்லோடிப்பினின் பக்க விளைவுகள்

அம்லோடிப்பின் என்பது உயர் இரத்த அழுத்தத்தையும், இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் சுருங்குவதால் உண்டாகும் மார்பு நெரிப்பையும் (ஆஞ்சைனா) கட்டுப்படுத்தப் பயன்படும் ஒரு மருந்து ஆகும். இது கால்சிய வாய்க்கால் தடுப்பிகள் என்னும் மருந்து வகையில், டைஹைட்ரோபிரிடின்கள் எனப்படும் உட்பிரிவைச் சேர்ந்தது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும், இந்தியாவின் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

கணுக்கால் வீக்கம், முகம் சிவந்து வெப்பமாதல், படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியன இம்மருந்தின் முக்கியமான பக்க விளைவுகள் ஆகும். இவற்றுள் கணுக்கால் வீக்கமே நோயாளிகளை மிகுதியாக அச்சுறுத்துவது. இவ்வீக்கம் சிறுநீரகம் பழுதுபட்டதன் அறிகுறி அன்று. உடலில் உப்பும் நீரும் மிகுந்ததன் விளைவும் அன்று. மருந்து குருதிக்குழாய்களைத் தளர்த்தும் முறையிலிருந்தே இது தோன்றுகின்றது. இதனை அறியாமையால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்திவிடுதல். மற்றொன்று, வீக்கத்தைக் குறைக்கப் பயனற்ற வேறொரு மருந்து சேர்க்கப்படுதல்.

செயற்படும் முறை

தமனிகளின் சுவரில் மென்தசைகள் உள்ளன. இத்தசைகளின் உயிரணுக்களுக்குள் கால்சியம் அயனிகள் புகும்போது தசைகள் சுருங்குகின்றன, குழாய் குறுகுகின்றது, அழுத்தம் உயர்கின்றது. கால்சியம் உட்புகும் வழிகளுள் ஒன்றாகிய எல்-வகை வாய்க்கால்களை அம்லோடிப்பின் அடைக்கின்றது. இதனால் தசைகள் தளர்ந்து, தமனிகள் விரிந்து, இரத்த அழுத்தம் குறைகின்றது. இதயத் தமனிகளும் விரிவதால் இதயத் தசைக்குக் கூடுதலான குருதி கிடைத்து மார்பு வலி தணிகின்றது.

வாய்வழி உட்கொண்ட 6 முதல் 12 மணி நேரத்தில் இம்மருந்தின் அளவு குருதியில் உச்சத்தை அடைகின்றது. இதன் அரைவாழ்வுக் காலம் 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகையால் நாளொன்றுக்கு ஒருமுறை உட்கொண்டால் போதுமானது. நாள்தோறும் உட்கொள்ளும்போது ஏறத்தாழ 7 அல்லது 8 நாட்களில் குருதியில் இதன் அளவு நிலைபெறுகின்றது. இம்மருந்து கல்லீரலில் சிதைக்கப்படுகின்றது. எனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் 2.5 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவிலேயே தொடங்குவர். ஏனையோருக்கு வழக்கமான தொடக்க அளவு 5 மில்லிகிராம். மிகக் கூடிய நாளளவு 10 மில்லிகிராம்.

வரலாறு

அம்லோடிப்பின் பைசர் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான நிபெடிப்பின் விரைவாகச் செயற்பட்டு விரைவாகவே நீங்குவதால், நாளொன்றுக்குப் பலமுறை உட்கொள்ள வேண்டியிருந்தது. திடீரெனக் குழாய்கள் விரிவதால் படபடப்பும் தலைவலியும் மிகுதியாக இருந்தன. மெல்லத் தொடங்கி நெடுநேரம் நிலைக்கும் அம்லோடிப்பின் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது.

இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அன்றி, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. 2005 வரை நிலவிய இச்சட்ட நிலையால் இந்திய நிறுவனங்கள் அம்லோடிப்பினைத் தாமே தயாரித்துக் குறைந்த விலையில் விற்க முடிந்தது. இன்று அம்லாங், ஸ்டாம்லோ, அம்லோபிரெஸ், அம்லோகைண்ட் எனப் பல வணிகப் பெயர்களில் இது கிடைக்கின்றது. டெல்மிசார்டான், அட்டெனோலால் முதலிய மருந்துகளுடன் கலந்த கூட்டு மாத்திரைகளும் உள்ளன.

பெயர்கள் பலவாக இருப்பதில் ஓர் இடர் உண்டு. அரசு மருத்துவமனையில் அம்லோடிப்பின் என்னும் மூலப்பெயரில் பெற்ற மாத்திரையையும், தனியார் மருத்துவர் எழுதிய வணிகப் பெயர் மாத்திரையையும் வெவ்வேறு மருந்துகள் எனக் கருதி ஒருவர் இரண்டையும் உட்கொள்ளக்கூடும். அவ்வாறு செய்தால் அளவு இரட்டிப்பாகிப் பக்க விளைவுகள் மிகும். மாத்திரை அட்டையில் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் மூலப்பெயரைப் பார்ப்பதே இதனைத் தவிர்க்கும் வழி.

தமிழ்நாட்டில் பயன்பாடு

தமிழ்நாட்டில் 2020 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட மாநிலந்தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களுள் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரிடமே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2021 ஆகத்து 5 ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் இத்திட்டத்தின் கீழ் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களால் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலை 1994 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மேற்கொள்கின்றது.

மாத்திரை வீடு தேடி வரும்போது நோயாளி மருத்துவரை நேரில் காணும் தேவை குறைகின்றது. ஆதலால் கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ, துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ அதனைக் கூறுதல் இன்றியமையாதது.

பக்க விளைவுகளின் அளவு

அம்லோடிப்பினின் பக்க விளைவுகளுட் பல, உட்கொள்ளும் அளவைச் சார்ந்தவை. ஒப்புதலுக்கு முன் நடந்த ஆய்வுகளில், மருந்தற்ற வெற்று மாத்திரை உண்டவர்களுடன் ஒப்பிட்டுப் பெறப்பட்ட விழுக்காடுகள் பின்வருமாறு:

| பக்க விளைவு | 2.5 மி.கி. | 5 மி.கி. | 10 மி.கி. | வெற்று மாத்திரை |
|---|---|---|---|---|
| வீக்கம் | 1.8 | 3.0 | 10.8 | 0.6 |
| தலைச்சுற்றல் | 1.1 | 3.4 | 3.4 | 1.5 |
| முகம் சிவத்தல் | 0.7 | 1.4 | 2.6 | 0.0 |
| படபடப்பு | 0.7 | 1.4 | 4.5 | 0.6 |

அளவு 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக இரட்டிக்கும்போது வீக்கம் மும்மடங்குக்கும் மேலாகக் கூடுவதை இவ்வட்டவணை காட்டுகின்றது. வீக்கம் ஆண்களை விடப் பெண்களிடம் மிகுதி. இவ்வாய்வுகளில் ஆண்களில் 5.6 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 14.6 விழுக்காட்டினருக்கும் அது காணப்பட்டது.

தலைவலி குறித்த எண்கள் வேறொரு செய்தியைத் தருகின்றன. அம்லோடிப்பின் உண்டவர்களில் 7.3 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 7.8 விழுக்காட்டினரும் தலைவலி இருந்ததாகக் கூறினர். மருந்து உண்ணும் காலத்தில் தோன்றும் தொல்லைகள் யாவும் மருந்தால் விளைந்தவை அல்ல என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும். பக்க விளைவுகளின் காரணமாக மருந்தை நிறுத்த நேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினரே, வெற்று மாத்திரை உண்டவர்களில் இது ஏறத்தாழ 1 விழுக்காடாகும்.

கணுக்கால் வீக்கம்

காரணம்

குருதி நுண்தமனிகளின் வழியாக மிகச் சிறிய நுண்குழாய்களை அடைந்து, அங்கிருந்து சிரைகளின் வழியே இதயத்திற்குத் திரும்புகின்றது. அம்லோடிப்பின் நுண்தமனிகளை விரிக்கின்றது. ஆனால் சிரைகளை அதே அளவில் விரிப்பதில்லை. வரும் மடை அகலமாகவும் போகும் மடை பழைய அளவிலேயும் இருந்தால் பாத்தியில் நீர் கட்டுவதைப் போன்று, நுண்குழாய்களில் அழுத்தம் கூடுகின்றது. அவ்வழுத்தத்தால் குருதியின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவரைக் கடந்து சூழ்ந்துள்ள திசுக்களிற் கசிகின்றது. நிற்கும்போது புவியீர்ப்பினால் கால்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் வீக்கம் கணுக்காலிலும் பாதத்திலும் தோன்றுகின்றது.

இயல்புகள்

இவ்வீக்கம் பொதுவாக இரு கால்களிலும் ஒத்த அளவில் காணப்படும். விரலால் அழுத்தினால் குழி விழும். நெடுநேரம் நின்று வேலை செய்தபின் மாலையில் மிகுந்து, இரவில் படுத்து எழுந்தபின் காலையில் குறைந்திருக்கும். மருந்து தொடங்கிய முதல் நாளிலேயே தோன்றாமல், சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் தோன்றலாம். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ மறைந்துவிடும். நிலையான கேட்டை விளைவிப்பதில்லை.

சிறுநீர்ப்பெருக்கிகள் பயன்படாமை

உடலில் நீர் மிகுந்ததால் உண்டாகும் வீக்கத்திற்கு பியூரோசெமைடு முதலிய சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் பயன் தரும். அம்லோடிப்பின் வீக்கத்திலோ உடலின் மொத்த நீர் மிகவில்லை. இருக்கும் நீரே இடம் மாறியுள்ளது. ஆதலால் சிறுநீர்ப்பெருக்கிகள் இதனைப் போதிய அளவு குறைப்பதில்லை. மாறாக, அவற்றால் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகள் குறைந்து சோர்வும் மயக்கமும் தோன்றலாம். முதியோர் கீழே விழவும் நேரலாம்.

ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதியதோர் நோயாகக் கருதி, அதற்கு இன்னொரு மருந்தைத் தருவது மருந்துத் தொடர் எனப்படும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே நடந்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், புதிதாகக் கால்சிய வாய்க்கால் தடுப்பி பெற்றவர்களுக்கு, ஏனைய இரத்த அழுத்த மருந்துகளைப் பெற்றவர்களை விடக் கூடுதலாகச் சிறுநீர்ப்பெருக்கிகள் எழுதப்பட்டமை கண்டறியப்பட்டது.

குறைக்கும் வழிகள்

மருத்துவர்கள் மேற்கொள்ளும் வழிகள் பின்வருமாறு:

* அளவைக் குறைத்தல். 10 மில்லிகிராம் உட்கொள்பவருக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேறு வகை மருந்தொன்றைச் சேர்த்தல்.
* சிரைகளையும் விரிக்கும் மருந்தைச் சேர்த்தல். எனலாபிரில், டெல்மிசார்டான் போன்றவை போகும் வழியையும் அகலப்படுத்துவதால் நுண்குழாய் அழுத்தம் தணிகின்றது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2011 ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு, இவ்வாறு சேர்த்துத் தரும்போது வீக்கம் 38 விழுக்காடு குறைவதைக் காட்டியது.
* வேறு வகை மருந்துக்கு மாற்றுதல்.
* கால்களை உயர்த்தி வைத்துப் படுத்தல், இடையிடையே நடத்தல் முதலியன சிறிதளவு உதவும்.

எனலாபிரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். இரண்டையும் சேர்த்து உட்கொள்பவருக்கு இருமல் தோன்றினால் அதற்குக் காரணம் அம்லோடிப்பின் அன்று.

பிற வீக்கங்களிலிருந்து பிரித்தறிதல்

அம்லோடிப்பின் உட்கொள்பவரின் கால் வீக்கம் யாவும் அம்லோடிப்பினால் வந்ததென்று முடிவு செய்தல் கூடாது. பின்வருவனவற்றைக் கருதிப் பார்க்க வேண்டும்.

* இதயத் திறனிழப்பு: கால் வீக்கத்துடன் மூச்சுத் திணறல், படுத்தால் மூச்சு முட்டுதல், உடல் எடை விரைந்து கூடுதல் ஆகியன இருக்கும்.
* சிறுநீரக நோய்: காலையில் முகமும் கண் இமைகளும் வீங்கியிருத்தல், சிறுநீர் நுரைத்தல் அல்லது குறைதல் ஆகியன இருக்கும்.
* ஆழ்சிரைக் குருதிக்கட்டி: ஒரு காலில் மட்டும் திடீரெனத் தோன்றும் வீக்கமும் வலியும். இது உடனடி மருத்துவம் வேண்டுவது.
* யானைக்கால் நோய்: விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் நெடுங்காலம் இந்நோய் பரவியிருந்த பகுதிகளாகும். விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் இந்நோய் ஒழிப்புக்கான கூட்டு மருந்து வழங்கல் ஆய்வுகளைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் நடத்தியுள்ளது. ஆகவே இப்பகுதியில் கால் வீங்கினால் யானைக்கால் எனும் ஐயம் எழுதல் இயல்பு. யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் மிகுந்தோ இரு கால்களிலும் ஒவ்வா அளவிலோ இருக்கும். முற்றிய நிலையில் தோல் தடித்து, அழுத்தினால் குழி விழாது. இரவில் படுத்தெழுந்தாலும் மறையாது. இடையிடையே காய்ச்சலும் நெறிகட்டுதலும் இருக்கும்.

பிற பக்க விளைவுகள்

முகம் சிவத்தலும் படபடப்பும்: தோலின் குருதிக்குழாய்கள் விரிவதால் முகமும் கழுத்தும் வெப்பமாகச் சிவக்கலாம். அழுத்தம் குறைவதை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிப்பதால் படபடப்பு உண்டாகின்றது. இவை மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தோன்றிப் பின்னர்த் தணிவது வழக்கம்.

தலைச்சுற்றல்: படுத்திருந்து திடீரென எழும்போது மிகும். கோடை வெயிலில் வியர்த்து நீரிழந்த நிலையில் வயல் வேலை செய்வோர்க்கும், வயிற்றுப்போக்கு உள்ளவர்க்கும் இது கூடுதலாக நேரும். மெல்ல எழுந்து அமர்ந்து, பின் நிற்பது நன்று.

ஈறு வளர்ச்சி: நெடுநாள் உட்கொள்பவர்களுட் சிலருக்குப் பல் ஈறுகள் தடித்துப் பற்களின் மேல் வளர்கின்றன. வலிப்பு நோய்க்கான பெனிட்டோயின், உறுப்பு மாற்றம் பெற்றோர் உண்ணும் சைக்ளோசுபோரின் ஆகியனவும் இவ்விளைவை உடையன. பல் தூய்மை பேணுவோரிடம் இது குறைவு. பல் மருத்துவரிடம் செல்லும்போது அம்லோடிப்பின் உட்கொள்வதைக் கூறுதல் வேண்டும்.

சோர்வு, குமட்டல், வயிற்று வலி: சோர்வு 4.5 விழுக்காட்டினருக்கும் (வெற்று மாத்திரையில் 2.8), குமட்டல் 2.9 விழுக்காட்டினருக்கும் (வெற்று மாத்திரையில் 1.9) காணப்பட்டன.

அரியனவும் கடுமையானவும்: முகம், உதடு, நாக்கு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு ஆகிய ஒவ்வாமைகள் மிக அரியவை. இதயத் தமனி கடுமையாக அடைபட்டவர்களுள் மிகச் சிலருக்கு, மருந்தைத் தொடங்கும்போதோ அளவைக் கூட்டும்போதோ மார்பு வலி கூடக்கூடும். இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அளவுக்கு மீறி உட்கொண்டால் அழுத்தம் மிகவும் தாழ்ந்து உயிருக்கு இடர் நேரும். மருந்தின் விளைவு மெல்லத் தொடங்கி நெடுநேரம் நீடிப்பதால், தொடக்கத்தில் நலமாகத் தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனையிற் சேர்த்தல் கட்டாயமாகும்.

இதயத் திறனிழப்பு குறித்த ஆய்வுகள்

2002 ஆம் ஆண்டில் வெளியான ஆல்காட் ஆய்வில் 33,357 பேர் பங்கேற்றனர். மாரடைப்பையும் இறப்பையும் தடுப்பதில் அம்லோடிப்பின், குளோர்தாலிடோன் என்னும் சிறுநீர்ப்பெருக்கிக்கு இணையாக இருந்தது. ஆனால் இதயத் திறனிழப்பு அம்லோடிப்பின் உண்டவர்களிடம் 10.2 விழுக்காடாகவும், குளோர்தாலிடோன் உண்டவர்களிடம் 7.7 விழுக்காடாகவும் இருந்தது. இதற்கு முன்னரே திறனிழப்பு உடையவர்களிடம் நடத்தப்பட்டு 1996 ஆம் ஆண்டில் வெளியான பிரெய்சு ஆய்வில், அம்லோடிப்பின் இறப்பைக் கூட்டவில்லை. 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆசுகாட் ஆய்வில், அம்லோடிப்பினை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம் அட்டெனோலாலை அடிப்படையாகக் கொண்டதை விடப் பக்கவாதத்தையும் இறப்பையும் கூடுதலாகக் குறைத்தது.

பிற மருந்துகளுடன் இடைவினை

* சிம்வாசுடாட்டின்: கொழுப்பைக் குறைக்கும் இம்மருந்தின் அளவை அம்லோடிப்பின் குருதியில் உயர்த்துகின்றது. இரண்டையும் உண்பவர்கள் சிம்வாசுடாட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது. மீறினால் தசை வலியும் தசைச் சிதைவும் நேரக்கூடும்.
* கிளாரித்ரோமைசின்: இந்நுண்ணுயிர்க்கொல்லி அம்லோடிப்பினின் சிதைவைத் தடுப்பதால் அழுத்தம் மிகவும் குறையலாம்.
* ரிபாம்பிசின்: காசநோய்க்குத் தரப்படும் இம்மருந்து அம்லோடிப்பினை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றது. காசநோய் மருத்துவம் பெறுவோரின் இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.
* சைக்ளோசுபோரின், டாக்ரோலிமசு: இவற்றின் அளவு குருதியில் உயரக்கூடும்.

உட்கொள்ளும் நேரம்

அம்லோடிப்பினை உணவுக்கு முன்னரோ பின்னரோ உட்கொள்ளலாம். காலையா மாலையா என்பதும் நோயாளியின் வசதியைப் பொறுத்தது. ஐக்கிய இராச்சியத்தில் 21,104 பேரிடம் நடத்தப்பட்டு 2022 ஆம் ஆண்டில் வெளியான டைம் ஆய்வு, இரத்த அழுத்த மருந்துகளைக் காலையில் உண்பதற்கும் மாலையில் உண்பதற்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வேறுபாடு இல்லை எனக் காட்டியது.

உணவு நோன்புகளைக் கடைப்பிடிப்போர்க்கு இது பயனுள்ள செய்தியாகும். காட்டாக, செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊராகும். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சமணரின் நோன்புகளுள் ஒன்று. இந்நோன்பை உடையவர்கள் மாத்திரையைக் காலை உணவின்போது உட்கொள்வதால் மருந்தின் பயன் குறைவதில்லை. இரமலான் மாதத்தில் பகலில் உண்ணாத முசுலிம்கள் இரவு உணவின்போது உட்கொள்ளலாம். எந்நேரமாயினும் நாள்தோறும் ஒரே நேரமாக இருத்தல் நன்று. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உண்ணலாகாது.

மருந்தைத் தாமாக நிறுத்துதல்

அம்லோடிப்பினை நிறுத்திய உடனே உடலில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. அரைவாழ்வுக் காலம் நெடியதாகையால் மருந்து குருதியிலிருந்து முழுதும் நீங்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் கால் வீக்கம் வடியத் தொடங்கும். நோயாளி நலமடைந்ததாகவே உணர்வார். அதே நேரத்தில் இரத்த அழுத்தம் சிறிது சிறிதாகப் பழைய நிலைக்கு ஏறுகின்றது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இன்றி இருப்பதால் இவ்வேற்றம் உணரப்படுவதில்லை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பழுது ஆகியவற்றின் வாயிலாகவே அது வெளிப்படக்கூடும்.

கண்ணுக்குத் தெரியும் வீக்கம் தீங்கு குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத அழுத்தமே தீங்கு மிகுந்தது. எனவே வீக்கம் தொல்லை தந்தால் மருந்தை நிறுத்துவதை விடுத்து, அளவையோ மருந்தையோ மாற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்பதே முறையாகும்.

பக்க விளைவுகளை அறிவித்தல்

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் இதன் தேசிய ஒருங்கிணைப்பு நடுவமாகச் செயற்படுகின்றது. புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட பல மருத்துவக் கல்லூரிகளில் இதன் கண்காணிப்பு நடுவங்கள் உள்ளன. மருத்துவர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் தமக்கு நேர்ந்த பக்க விளைவை 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். நோயாளிகளுக்கான அறிவிப்புப் படிவம் தமிழிலும் உள்ளது. இவ்வாறு திரட்டப்படும் செய்திகள் சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள பன்னாட்டுக் கண்காணிப்பு நடுவத்திற்கு அனுப்பப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* உயர் இரத்த அழுத்தம்
* மார்பு நெரிப்பு
* நிபெடிப்பின்
* யானைக்கால் நோய்
* மக்களைத் தேடி மருத்துவம்
* மேல்சித்தாமூர்

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவிற்காக எழுதப்பட்டது. மருத்துவரின் அறிவுரைக்கு இது மாற்று ஆகாது.